தவணை தாண்டியவை

ஓர்க்னித் தீவுகளில்
நடமாடும் நூலக வண்டி ஓட்டுகிறேன்.
பதினேழு வருஷம்.
மரங்கள் அரிதான நிலம்.
காற்றுக்குப் பிடித்து ஆட்ட
என் வண்டிக் கதவுதான் கிடைக்கும்.

திரும்பி வரும் புத்தகங்களுக்குள்
என்னென்ன அடையாளம் வைத்திருப்பார்கள் தெரியுமா.
படகுச் சீட்டு. கம்பளி நூல்.
ஆட்டு வைத்தியர் எழுதித் தந்த துண்டு.
ஒருமுறை பொரித்த பன்றி இறைச்சி,
அதுவும் சமையல் புத்தகத்தில் இல்லை, பூகோளத்தில்.

அக்டோபரில்
இங்கா ஃப்ளெட் திருப்பிய துப்பறியும் கதையில்
நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்
ஒரு கடிதம்.
கருப்பை வாய்ப் பரிசோதனைக்கு
உங்களை அழைக்கிறோம்.
குறித்த நாள் ஜூனிலேயே போய்விட்டது.

அடுத்த நடையில் கொடுத்தேன்.
வாங்கிப் பார்த்துச் சிரித்தாள்.
"கொலைகாரன் யாரென்று தெரியுமுன்னே
தவணை தவணை என்று பிடுங்கிக்கொண்டாய் ஊனா.
அந்தப் பக்கத்தோடு நிற்கிறேன்."
காகிதத்தை நான்காய் மடித்து
ரப்பர் பூட்ஸுக்குள் செருகிக்கொண்டு
நண்டுக் கூண்டுகளைத் தூக்கப் போனாள்.

நான் வாய் திறக்கவில்லை.
திறக்க என்ன யோக்கியதை.
என் வீட்டில் மூன்று கடிதம்,
தேநீர்க் குவளைகளுக்குப் பின்னால்.
முதலாவது வந்தபோது வண்டியில் கோளாறு.
இரண்டாவதற்கு மாதவிலக்கு.
மூன்றாவதற்குக் காரணம்கூடத் தேடவில்லை.
கணவன் போய் ஒன்பது வருஷம்,
இனி எனக்கெதற்கு
என்று ஒரு நினைப்பு,
வெட்கத்தின் மேல் போர்த்திய சால்வை.

ஊருக்கெல்லாம் நினைவூட்டல் எழுதுகிறவள் நான்.
தவணை தாண்டிவிட்டது, தயவுசெய்து.
அன்றிரவு மூன்றையும் மேசையில் பரப்பினேன்.
அதே தயவுசெய்து.
ஒன்றில் குவளை வைத்த வட்டக் கறை.

வியாழக்கிழமை
வண்டியை மருத்துவமனை வாசலிலேயே நிறுத்திவிட்டுப் போனேன்.
(அதற்குள் இரண்டு பேர்
புத்தகம் மாற்ற வரிசையில் நின்றுவிட்டார்கள்.)
செவிலி ரோனாவின் தங்கை என்னோடு படித்தவள்.
சின்ன ஊரில் அதுவே பெரிய சுவர்.
காலுறையில் ஓட்டை வேறு.
அவள் பார்க்கவில்லை,
பார்த்தாலும் சொல்லவில்லை.
"நிறுத்து என்றால் நிறுத்திவிடுவேன்.
நடுவில் என்றாலும்."
கூரையில் யாரோ ஒட்டிய பஃபின் பறவைப் படம்.
அதன் கால்விரல்களை எண்ணத் தொடங்கினேன்.
ஒரு குளிர்ச்சி. ஒரு சிறு தூரிகை. ஒரு சுருக்.
ஐந்தாவது விரலுக்கு வருமுன்
எழுந்திருக்கச் சொன்னாள்.

"ஒன்பது வருஷமாய் யாரும் இல்லையே" என்றேன்,
பொத்தானைத் தேடிக்கொண்டே.
"அந்தக் கிருமி நாள்காட்டி பார்ப்பதில்லை,"
குப்பியின் மூடியைத் திருகினாள்.
"வருஷக்கணக்கில் பேச்சு மூச்சில்லாமல் கிடக்கும்."

கள்ளன் கதவைத் தட்டிவிட்டா வருவான்.
எனக்கு வலி இல்லை, ரத்தம் இல்லை,
ஒரு நாள் சோர்வுகூட இல்லை.
நான்காவது கடிதத்தை
தபால்காரன் எதிரிலேயே கிழித்தேன்:
கிருமி இருக்கிறது.
சில செல்கள் குணம் மாறத் தொடங்கியிருக்கின்றன.
புற்று இல்லை,
இன்னும் இல்லை.

அந்த 'இன்னும்' என்கிற சொல்லில்
ஒரு வாரம் தூங்காமல் இருந்தேன்.
பிறகு நகரத்தில் ஒரு மதியம்,
மரக்கச் செய்து
நகக்கண் அளவு எடுத்தார்கள்.
மாலைப் படகில் வீடு.
அலைக்குத்தான் வாந்தி எடுத்தேன்.

டிசம்பரில் இங்கா வண்டிக்குள் வந்தாள்.
வெளியே ஆலங்கட்டி, எங்களிருவரைத் தவிர யாருமில்லை.
அதே புத்தகத்தை எடுத்து வைத்திருந்தேன்.
முத்திரை குத்தாமல், எல்லாம் சொன்னேன்,
பஃபின், ஓட்டைக் காலுறை, இன்னும்.
அவள் ஈரக் கையுறையைப் பிழிந்துகொண்டே நின்றாள்.
"கொலைகாரன் யார் என்றுமட்டும் சொல்லிவிடாதே" என்றாள்.
புத்தகத்தோடு இறங்கிப் போனாள்.

ஜனவரியில் புத்தகம் திரும்பி வந்தது.
கடைசிப் பக்கத்தில் ஒரு கடற்காக்கை இறகு.
கடிதம் இல்லை.
தலைகீழாய்ப் பிடித்து
இரண்டு முறை உதறிப் பார்த்தேன்.